சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

மென்பொருள் திரையில் ஸ்டேட்டஸ் ஐகான் வைப்பது சின்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். பச்சைன்னா சரி, சிவப்புன்னா தப்பு, மஞ்சள்னா கொஞ்சம் பொறுங்க. ஆனால் கோடிக்கணக்கான இந்தியர்கள் பார்த்துப் பழகிய நிலை விளக்குகள் இந்த விதிப்படி நடப்பதில்லை. அவை மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருக்கின்றன.

1982 மே மாதம் கேரளாவின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதலில் பயன்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்தது. சட்டத் திருத்தம் 1989-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம்தான். கடத்தூர் வாக்குச்சாவடிகளிலும் முத்திரைக்குப் பதில் பட்டன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கம்ப்யூட்டர் படித்த பேரனும் ஒரே இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். யாருக்கும் யூசர் மேனுவல் கிடையாது.

இயந்திரம் இரண்டு பெட்டிகள். ஒன்று அலுவலர் மேஜையில், இன்னொன்று மறைப்புக்குள்ளே. நடுவில் ஒரு கேபிள். அலுவலர் பட்டனை அழுத்தியதும் அவர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்: 'உள்ளே ஆள் இருக்கு'. அதே நேரத்தில் வாக்காளர் பெட்டியில் பச்சை விளக்கு: 'நீங்க அழுத்தலாம்'. வாக்காளர் நீல பட்டனை அழுத்தினால் பச்சை அணையும், அவர் தேர்ந்தெடுத்த சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எரியும், 'பீப்' என்று சத்தம் வரும். அலுவலர் பெட்டியிலும் சிவப்பு அணையும்.

இங்கே கவனிங்க. இரண்டு இடத்திலும் சிவப்பு, ஆனால் ஒன்றுகூட 'தப்பு' என்று சொல்லவில்லை. அர்த்தத்தைத் தருவது நிறமல்ல, இடம். சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாதவரும் குழம்ப மாட்டார், ஏன்னா விளக்கு அவர் சின்னத்துக்குப் பக்கத்திலேயே எரியுது. கண் தவறவிட்டதைக் காது பிடித்துக்கொள்ளும். அதோடு, இரண்டு பேருக்கும் வேறு வேறு தகவல்: ஓட்டு விழுந்ததா என்பது மட்டும் அலுவலருக்கு, யாருக்கு என்பது வாக்காளருக்கு. யாருக்கு எது தெரியணும், எது தெரியக்கூடாது என்று யோசித்துச் செய்த வேலை இது.

ஆனாலும் விளக்கு போதவில்லை. 'சின்னத்துக்குப் பக்கத்தில் எரிந்தது சரி, உள்ளே என்ன பதிவாச்சு?' என்ற கேள்வி ஓயவே இல்லை. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் வந்தது. பெயரும் சின்னமும் அச்சான சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழும். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று அவசியம் என்றது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் அது வந்துவிட்டது.

விளக்கு என்பது இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சீட்டு, நாம் சரிபார்க்கக்கூடியது. இன்றைக்கு டீக்கடையில் வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக்கைக் கடைக்காரர் நம்புவதில்லை. தன் கல்லாப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொன்ன பிறகுதான் நம்புகிறார். நியாயம்தானே? பணம் வந்து சேர வேண்டியது அவருக்கு.

நாம் எழுதும் மென்பொருளில் 'சேவ்' அழுத்தியவுடனே டிக் போட்டுவிடுகிறோம். அப்போது சர்வர் இன்னும் பதிலே சொல்லியிருக்காது. அந்த டிக்குக்கு, 'பட்டனை அழுத்தினீர்கள்' என்பதைத் தாண்டி அர்த்தம் எதுவும் இல்லை. சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகு டிக் போடுங்க. என்ன சேமிக்கப்பட்டது, எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரியில் காட்டுங்க. டிக்கை நம்பாத ஆளும் அந்த வரியைப் படித்துச் சரிபார்த்துக்கொள்வார்.