பட்டம் பிறவியல்ல!

விஸ்வநத்தத்தில் நாளெல்லாம் வெடிமருந்தோடு உழைக்கும் தொழிலாளி மாலையில் மதுவிடம் தோற்றால், ஊர் அவனைக் 'குடிகாரன்' என்கிறது. நாளடைவில் அவனும் 'அதுவே நான்' என்று நம்பிவிடுகிறான். என்னே கொடுமை! நோய்க்கு மருத்துவம் உண்டு, தலையெழுத்துக்கு ஏது?

ஊர் சூட்டிய பெயர் மாறாததா? வரலாற்றைக் கேளுங்கள், தோழர்களே! கள்ளிறக்கிய பனைத்தொழிலாளரை இழிபெயரால் அழைத்தது இந்நாடு. அவர்தம் இனத்தார் 1910-இல் நாடார் மகாஜன சங்கம் கண்டனர், போராடினர். 1921-இல் அரசே பழம்பெயரை நீக்கி 'நாடார்' என்று பதிந்தது. 1929-இல் செங்கற்பட்டில், பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடோ, சாதிப்பட்டங்களையே துறக்கச் சொல்லிற்று!

தலைமுறைகள் சுமந்த பெயரே உதிர்ந்தது. மது சூட்டிய பெயர் உதிராதா? அவனைப் பெயர் சொல்லி அழையுங்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவன் குடிகாரனல்லன், குடிநோயுற்ற மனிதன்!