வாய்ப்பாடும் மரக்காலும்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் பாலம், கான்கிரீட் என்று ஏதாவது எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் "அஞ்சு, பத்து, பதினஞ்சு" என்று நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சந்தோஷத்தில் உண்டியலைக் கவிழ்த்து, "இந்த அஞ்சு ரூபாய்க் காசெல்லாம் எவ்வளவும்மா?" என்றேன். ஒவ்வொன்றாக எண்ணி, "பதினாலு" என்றாள்! வாய்க்கும் கைக்கும் தொடர்பே இல்லை.

நம் முன்னோர் எப்படிப் படித்தார்கள்? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியது. 1826-இல் கவர்னர் மன்றோ தந்த கணக்கின்படி சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன.

அங்கே கணக்குப் பாடங்களின் பெயரைப் பாருங்கள்: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எட்டாம் வாய்ப்பாடு வெறும் பாட்டல்ல, களத்து நெல்!

பின்னமும் அப்படித்தான். 320-இல் ஒரு பங்கு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி (1/80). பதினாறு முந்திரி ஒரு மா (1/20). மாவும் காணியும் சேர்ந்தால் இருபது முந்திரி, அதாவது 1/16. அதன் பெயரே மாகாணி! பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. இன்ஜினீயரான எனக்கு இது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்பது வெட்கம்தான்.

திண்ணையில் பிரம்படியும் உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது, பின்னால் கிலோவும் லிட்டரும் வந்தன. கணக்கு எளிதானது, நல்லதுதான். ஆனால் வாய்ப்பாட்டோடு கூட இருந்த படியும் மரக்காலும் போனபின், அந்த இடத்தில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை.

மறுநாள் காசை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே அஞ்சு, பத்து சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை, "எழுபதுப்பா!" என்று கத்தினாள்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே! சனிக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்துப் பள்ளிக்குப் போங்கள். கையில் புளியங்கொட்டை கொண்டுபோங்கள், போதும்.