வேலையின்மையை எண்ணிய வரலாறு: தாந்த்வாலா குழுவும் அதன் பின்னும்

இந்தியாவில் வேலையற்றோர் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு ஒற்றை விழுக்காட்டில் விடை கூறும் வழக்கம் இன்று நிலைபெற்றுள்ளது. ஆயின், அவ்வாறு ஓர் எண்ணில் அடக்குவது பொருந்தாது என அரசு அமைத்த வல்லுநர் குழுவே 1970இல் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையின் பின்புலத்தையும் அதன்வழி வந்த அளவீடுகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கத்தில் (1956) வேலையற்றோர் 53 இலட்சம் பேர் எனத் திட்டக்குழு மதிப்பிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடுகளும் அக்காலத்தில் சான்றாகக் கொள்ளப்பட்டன. வேலையில் இருந்துகொண்டே மேலான பணிக்குப் பதிந்தவரும் அவற்றில் இடம்பெற்றனர். சிற்றூர்க் கூலியாளரோ பெரும்பாலும் பதிந்ததே இல்லை. இம்மதிப்பீடுகளை ஆராயவே எம். எல். தாந்த்வாலா தலைமையில் குழு அமைந்தது.

ஆலைத் தொழிலாளி வேலையிழந்தால் அந்நாளைச் சுட்டிக் கூறலாம். சொந்த நிலத்தில் உழைக்கும் உழவருக்கும், அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி பெறுபவருக்கும் அத்தகைய நாள் இல்லை. இவ்வேறுபட்ட உழைப்பாளரை ஒரே கூட்டுத்தொகையாக்குவது பொருளற்றது என்பதே குழுவின் மையக் கருத்து. தமிழில் வழங்கும் ‘வேலையில்லாத் திண்டாட்டம்’ என்ற தொடர் இங்கு நினைக்கத்தக்கது. திண்டாட்டம் அல்லலைச் சுட்டுவது; ‘வேலையின்மை’ எண்ணத்தக்க ஒரு நிலையைச் சுட்டுவது. குழு எதிர்கொண்ட இடர்ப்பாடு இவ்விரு சொற்களின் இடைவெளியில்தான் உள்ளது எனலாம்.

குழுவின் பரிந்துரையை ஒட்டித் தேசிய மாதிரி ஆய்வின் 27ஆம் சுற்று (1972-73) மூன்று அளவைகளைக் கையாண்டது. வழக்கநிலை, கணக்கெடுப்பிற்கு முந்தைய 365 நாள்களில் ஒருவர் பெரும்பகுதியைக் கழித்த நிலையைக் கொள்வது. வாரநிலையில், ஏழு நாள்களுள் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணிநேரம் உழைத்திருப்பினும் அவர் வேலையுடையவர். நாள்நிலை ஒவ்வொரு நாளையும் அரைநாள் அலகுகளாகப் பகுத்து எண்ணுவது. ஆண்டின் பெரும்பகுதி கூலிவேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கணக்கெடுப்பு வாரத்தில் இரண்டு முழுநாள் வேலை கிடைத்தது, எஞ்சிய ஐந்து நாளும் தேடியும் கிடைக்கவில்லை எனக் கொள்வோம். முதலிரு அளவைகளிலும் அவர் வேலையுடையவரே. மூன்றாவதில் மட்டுமே அந்த ஐந்து நாள்கள் வேலையின்மையாகப் பதிவாகும். 2004-05இல் வழக்கநிலை வேலையின்மை 2.3 விழுக்காடாக இருக்க, நாள்நிலை 8 விழுக்காட்டைக் கடந்ததற்கு இத்தகையோரே காரணம்.

2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு வழக்கநிலை, வாரநிலை இரண்டையுமே முன்னிறுத்தியது. அதன் முதலாண்டில் (2017-18) வழக்கநிலை வேலையின்மை 6.1 விழுக்காடு என்ற முடிவு பெரும் விவாதத்திற்குள்ளாயிற்று. 2025 முதல் மாதந்தோறும் வெளிவரும் மதிப்பீடுகள் வாரநிலையை அடிப்படையாகக் கொண்டவை. விரைவு கருதிய இத்தெரிவில் மிக நுண்ணிய அளவையான நாள்நிலை பின்தள்ளப்பட்டது ஓர் இழப்பே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மூன்று அளவைகளுக்கும் அகப்படாதவரும் உளர். வேலை தேடாவிடினும் கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்பவரை இந்திய வரையறை வேலையற்றோராகவே கொள்ளும். ஆனால் வீட்டுப்பணியோடு விறகு சேகரித்தும் வீட்டிற்கெனத் தைத்தும் நெய்தும் நாளைக் கழிக்கும் பெண்களுக்கு ஆய்வுப் படிவத்தில் 93 என்ற குறியீடு வழங்கப்பட்டது. அக்குறியீடு பெற்றவர் உழைப்பாளர் தொகுதிக்கே புறம்பானவர். ஆகவே வேலையுடையவரும் அல்லர், வேலையற்றவரும் அல்லர். வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை கிடைத்தால் ஏற்பீரா என்னும் துணைவினா ஐந்தாண்டு ஆய்வுகளில் இவர்களிடம் கேட்கப்பட்டது. ஏற்போம் என்றோர் கணிசமானோர். அவ்விடை வேலையின்மை விழுக்காட்டில் சேர்க்கப்படவில்லை.