டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, பெட்டி ஏற்குமா?

குலசேகரத்தில் குளோன் என்றால் முதலில் ரப்பர்தான். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 தெரியாத தோட்டக்காரர் இங்கே கிடையாது. விதைக் கன்றில் நல்ல மரத்து மொட்டை வைத்து ஒட்டு கட்டுவார்கள். கன்றின் பட்டை இளகி உரிந்து வராவிட்டால் எவ்வளவு உசத்தியான மொட்டும் கருகிப்போகும். சர்வர் பழுது பார்க்கும் என் தொழிலிலும் அதே பாடுதான். செத்துப்போன பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டியதும் கடைக்காரர் கேட்பார்: “தம்பி, டிஸ்க்கு நல்லாத்தானே இருக்கு? பிறவு என்னத்துக்கு ஓடமாட்டேங்கு?”

நகல் போடும் முன் ஒரு தாளில் சில கேள்விகளை எழுதிக்கொள்வது என் வழக்கம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு காலத்துத் தொல்லையில் பிறந்தது.

1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹஸார்டு எழுதிய கோஸ்ட் என்ற டிஸ்க் நகல் மென்பொருள் வந்தபோது வேலை எளிதாகிவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். 1998ல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கிய பிறகு லேப் வைத்திருந்த இடமெல்லாம் கோஸ்ட் பரவியது. ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்து மற்றவற்றுக்கெல்லாம் இமேஜ் இறக்கிவிடலாம். எல்லாம் ஒரே மாடலாக இருந்தால் சரி. நம்மூரில் அசெம்பிள் செய்த பெட்டிகள்தான் அதிகம். ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு பெட்டிகளில்கூட மதர்போர்டு வேறாக இருக்கும்.

அந்தக் கால விண்டோஸ், வன்பொருளோடு பேசும் ‘ஹால்’ என்ற அடுக்கை நிறுவும் நேரத்திலேயே தேர்ந்து வைத்துக்கொள்ளும். ஒற்றைப் பிராசஸர் பெட்டிக்கு ஒன்று, இரட்டைக்கு வேறொன்று. டிஸ்க் கன்ட்ரோலருக்கும் அப்படியே. புதுக் கன்ட்ரோலரின் டிரைவர் உள்ளே இல்லையென்றால் நீலத்திரையில் 0x0000007B என்று எழுதி நின்றுவிடும். தன் வீட்டுக் கதவையே அதற்குத் திறக்கத் தெரியவில்லை என்று பொருள். புதிதாக நிறுவுகிறவர்கள் எஃப்6 பொத்தானை அமுக்கி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுத்துத் தப்பித்தார்கள். குளோன் போட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே டிரைவரை உள்ளே வைத்திருக்க வேண்டும். 2007ல் விஸ்டா வந்த பின்தான் ஹால் தொல்லை ஓய்ந்தது. டிஸ்க் கன்ட்ரோலர் கேள்வி இன்றும் என் தாளில் முதல் வரி.

லினக்ஸ்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவர்களுக்கும் விலக்கில்லை. துவக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் கன்ட்ரோலர் டிரைவர் இல்லையென்றால் அங்கேயும் பாதியில் நிற்கும். அந்தக் கால லினக்ஸ் பழைய நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை நினைவில் வைத்திருந்து, புதுக் கார்டுக்கு eth1 என்று பெயர் சூட்டிவிடும்; eth0வுக்கு எழுதிய ஐபி அந்தரத்தில் தொங்கும்.

ரெய்டு கார்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான்கு டிஸ்க்கில் தரவைப் பிரித்து எழுதும் கார்டு, எந்த டிஸ்க் எத்தனாவது, துண்டின் அளவு என்ன என்பதையெல்லாம் தன் பாணியில் டிஸ்க்கிலேயே குறித்து வைக்கும். இன்னொரு கம்பெனி கார்டுக்கு அந்தக் குறிப்பு பெரும்பாலும் புரியாது. டிஸ்க்குகள் காலி என்று நினைத்து, ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். அவசரத்தில் ‘ஒய்’ அமுக்கினால் போச்சு. கார்டின் மாடலையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் சர்வர் ஓடும் நாளிலேயே எழுதி வைக்கச் சொல்வேன். கேட்பவர் குறைவு.

பேக்கப் எடுக்கும் டேப்பிலும் இந்த வம்பு உண்டு. எல்டிஓ டிரைவ்கள் ஏழாம் தலைமுறை வரை இரண்டு தலைமுறை பழைய டேப்பைப் படித்தன. 2017ல் வந்த எட்டாம் தலைமுறை, ஏழுக்குக் கீழே இறங்காது. ஆறாம் தலைமுறை டேப்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் புது டிரைவ் வாங்கினால், அலமாரியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

பெரிய இடங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதுத் தளத்துக்கு மாற்றியது. தரவு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது என்று பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022ல் 4.865 கோடி பவுண்டு அபராதம்.

நம் பக்கத்துக்கு அந்தச் சோதனை 2017 நவம்பர் 30ஆம் தேதி வந்தது. ஒக்கிப் புயல். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து கிடந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பி வந்த கரண்ட் ஏறியும் இறங்கியும் அடித்ததில் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரின் சர்வர் போய்விட்டது. விண்டோஸ் 7 இமேஜ் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. நாகர்கோவிலில் புதுப் பெட்டி வாங்கி இறக்கினோம். பாஸ்வேர்டு திரை வரை வந்தது. கீபோர்டும் மவுசும் அசையவில்லை. 2015க்குப் பிந்தைய இன்டெல் பெட்டிகளில் யூஎஸ்பி முழுக்க மூன்றாம் பதிப்புக் கன்ட்ரோலர் வழியாகத்தான் ஓடும். விண்டோஸ் 7க்கு அந்த டிரைவர் பிறவியில் கிடையாது. நல்லவேளை, போர்டில் பழைய உருண்டைப் பின் சாக்கெட் ஒன்று இருந்தது. மூலையில் கிடந்த பிஎஸ்2 கீபோர்டைத் தூசி தட்டி மாட்டி உள்ளே நுழைந்து, டிரைவரை ஏற்றினோம்.

அடுத்தது கணக்கு மென்பொருள். லைசென்ஸ் பழைய பெட்டியோடு பிணைந்தது. புதுப் பெட்டியில் உயிர்ப்பிக்க நெட் வேண்டும், டவர் எல்லாம் படுத்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் பயிற்சி முறைக்குப் போய்விடும். மாதத்தின் முதல் இரண்டு தேதியும் கடைசித் தேதியும் மட்டுமே பதிவாகும். மற்ற நாள் பில்லையெல்லாம் அவர் நோட்டில் எழுதினார். லைசென்ஸ் எதில் பிணைந்திருக்கிறது, அதை மாற்ற நெட் வேண்டுமா என்ற வரி அந்த டிசம்பரில்தான் என் தாளில் ஏறியது.