கைநாட்டு

வகுப்பில் நான் நடத்தாத ஒரு வரலாறு.

1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ரோட்டு வேலைக்குச் சாமான் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, பத்திரத்தின் பின்புறம் பதிய வைத்தார். ஆள் பின்னால் பேச்சு மாறக் கூடாதே என்று ஒரு மிரட்டல், அவ்வளவுதான். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தபோது பென்ஷன்காரர்களிடமும் விரல்ரேகை வாங்கினார். செத்தவர் பேரில் வேறு ஆள் வந்து பணம் வாங்குவதைத் தடுக்க! கல்கத்தாவில் போலீஸ் ரேகைக்கூடம் வந்தது 1897-ல்தான். கள்ளனுக்கு முன்பே பென்ஷன்காரனைப் பிடித்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. பிறகு வெகுகாலம் மணியார்டரில் வந்தது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும், கைநாட்டு ஒரு சடங்கு. (அவருக்கும் சில இடங்களில் ஐந்தோ பத்தோ போகும், அதையும் சொல்ல வேண்டும்.) இன்று பணம் வங்கிக் கணக்கில் நேராக விழுகிறது. ஊருக்குள் வரும் வங்கி முகவரின் சின்ன மெஷினில் விரல் வைத்தால் ஆதார் சரிபார்த்துக் காசு கிடைக்கும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தபின் எங்களைப் போன்றோர் உயிர்வாழ்வுச் சான்றையும் விரல் வைத்தே கொடுக்கலாம். எனக்கு இது பெரிய சௌகரியம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு அம்மை, முப்பது வருஷம் அண்டியாபீசில் தோடு தல்லியவர். அண்டித்தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பல் தொட்டுக்கொண்டாலும் விரல் வெந்துபோகும். ரேகை எங்கே இருக்கும்? போன மாதம் மூன்று நாள் மெஷின் அவரை ஏற்கவில்லை. "விரல் எடுக்கல பாட்டி, நாளைக்கு வாங்க" என்றான் பையன். அவன் மேல் தப்பில்லை.

"நான் உயிரோடதான் இருக்கேன்னு நீங்களாவது சொல்லப்பிடாதா சாரே?" என்று என்னிடம் கேட்டார்.

நாலாம் நாள் பாஸ்புக்கோடு கிளைக்கு அழைத்துப் போனேன். மேனேஜர் அவர் முகத்தையும் பாஸ்புக் போட்டோவையும் பார்த்தார். பணம் எடுக்கும் சீட்டில், நீல மையில், அதே பெருவிரலை உருட்டச் சொன்னார். மை அப்பிய ஒரு வட்டம்தான் விழுந்தது, ஒரு கோடுகூட இல்லை. பக்கத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் பணம் கையில்.

உங்கள் வீட்டு அம்மைமாருக்கும் விரல் எடுக்கவில்லை என்றால், பாஸ்புக்கோடு கிளைக்கே கூட்டிப் போங்கள் மக்களே.