சிறிய இறக்கைகள் கற்பித்த பெரிய பாடம்



"விளையாட்டுப் பொருள் செய்வது படிப்பாகுமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு விடையாக ஒரு வரலாற்றை இங்கே எழுதுகிறேன். மலைச்சரிவில் எஞ்சின் இன்றிப் பறக்கும் கிளைடர் என்னும் சறுக்கு வானூர்தியின் வரலாறு அது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர் சர் ஜார்ஜ் கெய்லி. பறவையைப் போல இறக்கையை அடித்துப் பறக்க வேண்டும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. தூக்கும் விசை வேறு, முன்செலுத்தும் விசை வேறு என்று 1799இல் பிரித்துக் கண்டவர் அவர். 1804இல் ஏறத்தாழ ஐந்தடி நீளத்தில் ஒரு மாதிரியைச் செய்தார். ஒரு கழியின் மேல் பட்டமே இறக்கையாக அமைந்தது. பின்னால் திருப்பக்கூடிய வால். முன்னால் எடையைச் சரிசெய்ய ஏற்பாடு. அதனைக் குன்றுச் சரிவில் விட்டு ஆராய்ந்தார். மனிதர் ஒருவரை ஏற்றிச் சென்ற அவருடைய கிளைடர் பறந்தது 1853இல். சிறிய மாதிரிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பொறுமை இருக்கிறது.

அடுத்தவர் செருமனியின் ஓட்டோ லிலியெந்தால். பெர்லின் அருகே 1894இல் 15 மீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பி, அதிலிருந்து பறந்து பழகினார். உடலை அசைத்து எடையை மாற்றுவதொன்றே அவருக்கு இருந்த கட்டுப்பாட்டு முறை. 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் காற்று அவரை வீழ்த்தியது; மறுநாள் உயிர் நீத்தார். ஒரு கணத் தவற்றுக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

ரைட் சகோதரர்கள் இந்த இழப்பை ஆழ்ந்து சிந்தித்தனர். தங்கள் கிளைடர் எதிர்பார்த்தவாறு பறக்காதபோது, 1901இல் ஆறடி நீளமுள்ள காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தனர். அதனுள் ஏறத்தாழ 200 சின்னஞ்சிறு இறக்கைகளைச் சோதித்தனர். அந்தச் சிறிய தகட்டு இறக்கைகள் தந்த கணக்குகளே 1902ஆம் ஆண்டு கிளைடரையும், 1903ஆம் ஆண்டு எஞ்சின் விமானத்தையும் உருவாக்கின. 1911இல் ஓர்வில் ரைட், கில் டெவில் குன்றுக் காற்றில் எஞ்சின் இல்லாமலே 9 நிமிடம் 45 வினாடி மிதந்தார்.

முதலாம் உலகப் போருக்குப்பின் எஞ்சின் விமானங்கள் மீது செருமனிக்குக் கடும் தடை விதிக்கப்பட்டது. இளைஞர்கள் ரோன் மலைத்தொடரின் வாசர்குப்பெ மலைக்குச் சென்றனர். 1920இல் அங்குக் கிளைடர் போட்டி தொடங்கிற்று. 1922இல் ஹனோவர் மாணவர்கள் வடிவமைத்த 'வாம்பயர்' கிளைடர், சரிவில் மோதி மேலெழும் காற்றைப் பற்றிக்கொண்டு, முதலில் ஒரு மணி நேரத்தையும், சில நாள்களில் மூன்று மணி நேரத்தையும் கடந்தது. கிளைடர் எப்பொழுதும் காற்றினூடே கீழ்நோக்கியே இறங்கும். அது இறங்கும் வேகத்தை விடக் காற்று எழும் வேகம் மிகுந்தால், நம் கண்ணுக்கு அது ஏறுகிறது. நீர் அருந்தும் நேரத்தில் மாணவருக்கு விளக்கிவிடலாம்!

வானொலி அலையால் மாதிரி விமானத்தை இயக்குவது 1930களில் தொடங்கியது. அக்காலத்தில் வால்வுகளையும் மின்கலங்களையும் சுமக்கப் பெரிய இறக்கை தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்தபின் கருவி சுருங்கியது. இன்று ஐந்து கிராம் எடையுள்ள சர்வோ மோட்டாரும் சிறிய லித்தியம் மின்கலமும் கிடைக்கின்றன. அதனால் பள்ளிப் பையில் அடங்கும் சரிவுக் கிளைடர் இயலும் பொருளாயிற்று.

அதனைத் தேர்ந்தெடுக்கையில் மூன்றைக் கருதுக. முதலாவது, பொருள். பால்சா கட்டை அழகாகப் பறக்கும், மோதினால் முறியும். இ.பி.பி. நுரை மோதினாலும் மீண்டெழும். தொடக்க மாணவருக்கு அதுவே உகந்தது. இரண்டாவது, எடை. 75 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இறக்கையின் பரப்பு 1500 சதுர சென்டிமீட்டர். மொத்த எடை 150 கிராம் என்றால், 100 சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம். இந்த எண் குறைந்தால் மென்காற்றிலும் மிதக்கும். கூடினால் பலத்த காற்று வேண்டும். மூன்றாவது, எடை மையம். பசையும் நாடாவும் வால்பக்கம் சேரச் சேர மையம் பின்னுக்கு நகரும், கிளைடர் கட்டுக்கடங்காது. எனவே மின்கலத்தை மூக்கில் வைத்து, விரல்நுனியில் தாங்கிச் சரிபார்த்த பின்னரே எறிய வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அளவைப் பாதியாக்கினால் இறக்கைப் பரப்பு கால்பங்காகும். காற்றின் பிசுக்குத்தன்மையோ அச்சிறு இறக்கையை மிகுதியாகப் பிடித்திழுக்கும். ஆகவே பெரிய விமானத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. மெல்லிய இறக்கை வடிவத்தைப் புதிதாகத் தேர வேண்டும்.

பெற்றோர் கேள்விக்கு என் விடை இதுவே. பரப்பளவு, விகிதம், சமநிலை ஆகிய மூன்று பாடங்கள் ஒரு துண்டு நுரையில் அடங்கியுள்ளன. லிலியெந்தால் உயிரைக் கொடுத்துக் கற்றதை, நம் பிள்ளைகள் ஒரு நாடாத் துண்டைச் செலவழித்துக் கற்கிறார்கள். விழுந்த கிளைடரைக் கையில் எடுத்து, "ஏன் விழுந்தது, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டால், அங்கே அறிவியல் தொடங்கிவிட்டது. அக்கேள்வியை அதட்டி அடக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்