'ஹவுண்ட் டாக்' யாருடைய பாட்டு? அசலும் 'கவர்' பாடலும்

'ஹவுண்ட் டாக்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? பெரும்பாலும் எல்விஸ் பிரெஸ்லிதான்.

ஆனால் எல்விஸ் அதைப் பதிவு செய்தது 1956இல். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே அதை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. 1953இல் 'பில்போர்ட்' இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது 7 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அப்புறம் ஏன் அவர் பெயர் பலருக்குத் தெரியல?

கவர் பாடல் என்றால்?

ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவு செய்வது. அதில் தப்பில்லை.

1950களில் என்ன பிரச்சினை?

அமெரிக்காவில் இசைச் சந்தையும் நிறத்தால் பிரிந்து கிடந்தது. கறுப்பினக் கலைஞரின் பாட்டு சூடுபிடித்தால், வெள்ளையினப் பாடகரை வைத்து அதே பாட்டை உடனே வெளியிடுவார்கள். 'பாப்' பட்டியலில் முந்தியது பல நேரம் அதுதான்.

- 'டூட்டி ஃப்ரூட்டி': லிட்டில் ரிச்சர்டின் அசல் 17ஆம் இடம், பேட் பூனின் கவர் 12ஆம் இடம்
- 'டுவீடில் டீ': லாவெர்ன் பேக்கரின் அசல் 14ஆம் இடம், ஜார்ஜியா கிப்ஸின் கவர் 2ஆம் இடம்

பணம் யாருக்கு?

1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை முறையாகப் பதிவாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்ய முடிந்தது. அப்போது ஒரு பிரதிக்கு 2 காசு கட்ட வேண்டியிருந்தது. அது பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். முதலில் பாடியவருக்கு? ஒன்றுமில்லை.

'டூட்டி ஃப்ரூட்டி'யை எழுதியவர்களில் லிட்டில் ரிச்சர்டும் ஒருவர். அதனால் அவருக்குப் பங்கு உண்டு. 'டுவீடில் டீ'யை பேக்கர் எழுதவில்லை.

தம் பாட்டின் இசையமைப்பை அப்படியே நகலெடுத்ததுதான் பேக்கரின் குறை. சட்டத்தை மாற்றக் கோரி 1955இல் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். பலன் கிடைக்கல.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கத் தொடங்கியது 1972இல்தான். இன்றும் அது தடுப்பது ஒலிப்பதிவையே எடுத்துப் பயன்படுத்துவதை. அதேபோல இன்னொருவர் பாடிப் பதிவு செய்வதை அல்ல.

எல்லா கவரும் நகலா?

இல்லை. தார்ன்டனின் பாட்டில் ஒரு பெண், தன்னை ஏமாற்றும் ஆணை விரட்டுகிறாள். எல்விஸ் பாடியது, ஃபிரெடி பெல் குழு வரிகளை மாற்றி வைத்திருந்த வடிவம். வேகமும் வேறு, பொருளும் வேறு.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

- இசைச் செயலியில் பாடியவரோடு, எழுதியவர் பெயரையும் பாருங்க.
- அதில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீங்க. மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கலாம்.
- அசலையும் கவரையும் அடுத்தடுத்துக் கேளுங்க. எது புதுசாகச் செய்தது, எது நகலெடுத்தது என்று உங்க காதே சொல்லும்.

பாட்டைப் பகிரும்போது முதலில் பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்க. சட்டம் அவருக்குத் தராத இடத்தை நீங்கள் தரலாம்.